பாறைப் பாசி ஒன்றின் பெயர் நிலைபெற்ற வரலாறு: ஹயோஃபிலா இன்வொலூட்டாவும் கிருஷ்ணகிரி மேட்டுநிலமும்

மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு விளிம்பாக அமைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரிலிருந்து 500 மீட்டர் உயரத்திலுள்ள கிருஷ்ணகிரி நகர் வரை நிலம் படிப்படியாகத் தாழ்ந்து செல்கிறது. இந்நிலத்தின் அடித்தளமாக விளங்குவது, பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி வரிவரியாக அமைந்த நைஸ் என்னும் மிகப் பழைய பாறையாகும். இத்தகைய பாறைகளின் ஈரக் கசிவுகளிலும், ஓடைக் கற்களிலும், செங்கல் மற்றும் சிமென்ட் சுவர்களின் அடிப்பகுதியிலும் கருமை கலந்த பச்சைத் திட்டுகளாக வளரக்கூடிய தாவரங்களுள் ஒன்று, பாட்டியேசி குடும்பத்தைச் சேர்ந்த ஹயோஃபிலா இன்வொலூட்டா என்னும் பாசி. பாசி என்ற சொல் குளத்தில் மிதக்கும் ஆல்காவையும் வழக்கில் குறிப்பதால், இக்கட்டுரையில் அது மாஸ் எனப்படும் தாவர வகையை மட்டுமே சுட்டும் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். இவை உண்மையான வேரும் பூவும் விதையும் இல்லாமல், ஸ்போர் எனப்படும் நுண்வித்துகளால் பெருகும் சிறு நிலத்தாவரங்கள்.

இந்தச் சிற்றினம் இன்றைய பெயரைப் பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது. லைப்சிக் நகர மருத்துவரான ஜோஹான் ஹெட்விக் எழுதி, அவர் 1799இல் மறைந்த பின் 1801இல் வெளிவந்த நூலே பாசிகளின் பெயரீட்டுக்குத் தொடக்கப் புள்ளியாகப் பன்னாட்டுத் தாவரப் பெயரீட்டு விதிகளால் ஏற்கப்பட்டுள்ளது. ஸ்போர்கள் உருவாகும் சிறு பேழையின் மூடி உதிர்ந்ததும் வாயைச் சுற்றித் தெரியும் பல்வரிசையே, அதாவது பெரிஸ்டோமே, பேரினங்களைப் பிரிப்பதற்கு ஏற்ற நம்பகமான அடையாளம் என்று அவர் கருதினார். அக்காலத்து நுண்ணோக்கிக்குத் தெளிவாகப் புலப்பட்டதும், ஈரத்திலும் வறட்சியிலும் வடிவம் மாறும் இலையைவிட நிலையானதாகத் தோன்றியதும் அந்தப் பற்களே என்பதால், அவரது தேர்வு அறிவுக்கு ஒத்ததாகவே இருந்தது.

ஆயினும் அம்முறையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பற்களே இல்லாத பாசிகளை ஜிம்னோஸ்டோமம் என்ற ஒரே பேரினத்தில் சேர்க்க நேர்ந்ததால், உறவே இல்லாத தாவரங்கள் அதில் ஒன்றாக அடைக்கப்பட்டன. இன்று முற்றிலும் வேறொரு குடும்பத்தில் வைக்கப்படும் ஃபிஸ்கோமிட்ரியம் பைரிஃபார்மே என்ற மண்வாழ் பாசியும் ஹெட்விக்கின் நூலில் ஜிம்னோஸ்டோமமாகவே இடம்பெற்றது. நேபாளத்திலிருந்து கிடைத்த பற்களற்ற பாறைப் பாசி ஒன்றை, பின்னாளில் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநரான வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1819இல் ஜிம்னோஸ்டோமம் இன்வொலூட்டம் என்று விவரித்ததும் இந்த வழக்கத்தைப் பின்பற்றியே. பேரினத்தை அவர் இல்லாத பல்லைக் கொண்டு முடிவுசெய்தபோதிலும், சிற்றினப் பெயரை இலையிலிருந்து எடுத்துக்கொண்டது கவனத்துக்குரியது. காயும்போது ஓரங்கள் உட்புறமாகச் சுருண்டுகொள்ளும் இலை என்பதே அப்பெயரின் பொருள். பிற்காலத்தில் இத்தாவரத்தை இனங்காண மிகவும் உதவிய பண்பு, முதல் விவரிப்பிலேயே இவ்வாறு பெயராகப் பதிந்துவிட்டது.

பாசி ஆய்வாளர் பிரிடெல் 1827இல் ஜாவாவின் பாசி ஒன்றை அடிப்படையாகக் கொண்டு ஹயோஃபிலா என்ற பேரினத்தை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் ஆகஸ்ட் யேகர், ஹூக்கரின் சிற்றினத்தை 1873இல் அப்பேரினத்துக்கு மாற்றியதோடு இன்று வழங்கும் பெயர் பிறந்தது. பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஹூக்கரும், அடுத்து யேகரும் குறிக்கப்படுவது இந்த இடமாற்றத்தின் பதிவே. 1884 முதல் பெரிஸ்டோமின் நுண்ணமைப்பை ஆராய்ந்து பாசி ஆய்வாளர் ஃபிலிபேர் வெளியிட்ட தொடர் கட்டுரைகளும் அவற்றைத் தொடர்ந்த ஆய்வுகளும், பற்களின் இன்மை பல கிளைகளில் தனித்தனியே நேர்ந்த இழப்பாக இருக்கக்கூடும் என்ற புரிதலுக்கு வழிவகுத்தன. அதன்பின் இன்மையை உறவின் சான்றாகக் கொள்வது மெல்லக் கைவிடப்பட்டு, இலையின் குறுக்குவெட்டுத் தோற்றம் முன்னுக்கு வந்தது. ரிச்சர்டு சாண்டர் 1993இல் வெளியிட்ட பாட்டியேசி குடும்பப் பேரினங்கள் பற்றிய பெருநூல் இலை உள்ளமைப்புக்கு மிகுந்த இடமளித்தது. கடுஞ்சூழலில் வாழும் பாசிகள் என்று அதன் துணைத்தலைப்பு இக்குடும்பத்தைச் சுட்டுவது, வறண்ட பாறைநிலங்களைப் பொறுத்தவரை மிகவும் பொருத்தமானது.

தென்னிந்தியப் பாசிகளைப் பற்றிய அறிவு வேறொரு பாதையில் வளர்ந்தது. தாவரச் சேகரிப்பாளர் பெரோத்தே நீலகிரியில் சேகரித்தவற்றைத் தாவரவியலாளர் மொந்தாஞ் 1842இல் பாரிசில் பட்டியலிட்டார். வில்லியம் மிட்டன் 1859இல் இந்தியப் பாசிகள் அனைத்தையும் ஒரே தொகுப்பில் கொண்டுவந்தார். கொடைக்கானலுக்கு அருகிலுள்ள செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ, பல ஆண்டுச் சேகரிப்பின் பயனாகப் பழனி மலைப் பாசிகளின் பட்டியலை 1961இல் வெளியிட்டார். இவர்களின் உழைப்பு அளவிடற்கரியது. எனினும் அறிஞர்கள் தங்கி வாழத்தக்க குளிர்ந்த மலைகளே இப்பெருந்தொகுப்புகளின் மையமாயின; ஆண்டுக்கு ஏறத்தாழ 800 முதல் 900 மி.மீ. மழை பெறும் கிருஷ்ணகிரி போன்ற மேட்டுநிலங்கள் அவற்றில் மையம் பெறவில்லை. வறள்நிலத்தில் பாசி குறைவு என்ற எண்ணத்தில் எவ்வளவு தாவரத்தின் இயல்பு, எவ்வளவு சேகரிப்பாளரின் வழித்தடம் என்று பிரித்தறியும் பொறுப்பு இன்றைய ஆய்வுக்கு உரியது.

இந்நிலத்தில் இனங்காணலின் முதல் தடை, பேழையின்மை. ஹயோஃபிலா இன்வொலூட்டாவில் ஆண், பெண் உறுப்புகள் வெவ்வேறு செடிகளில் தோன்றுவதால், ஒரே பாலினச் செடிகளாலான திட்டு பேழையே இல்லாமல் நீடிக்கக்கூடும். இலைக் கக்கங்களில் உருவாகும் ஜெம்மாக்கள் என்னும் நட்சத்திர வடிவ நுண்ணுறுப்புகள் உதிர்ந்து புதுச் செடிகளாகும். பேழையில்லாத அந்நிலையில் ஹெட்விக்கின் முறை பயன்படாது. அதே சுவரில் வளரக்கூடிய பார்புலா இண்டிகாவிடமிருந்து இதைப் பிரிக்க இலையையே நாட வேண்டும்: பார்புலாவின் இலையோரம் பின்புறமாக வளையும், செல்களின் மேல் கூர்முகைகள் அடர்ந்திருக்கும், ஹயோஃபிலாவின் இலை அகன்ற நாக்கு வடிவில் நுனியருகே சிறு பற்களுடன் இருக்கும், ஓரம் உட்புறம் சுருளும், மேற்பரப்புச் செல்கள் மட்டும் குமிழ்போல் புடைத்திருக்கும். பேழை கிடைக்குமாயின் ஐயம் முற்றிலும் நீங்கும். பார்புலாவில் நீண்டு முறுக்கிய பற்கள் உண்டு, ஹயோஃபிலாவில் இல்லை. வகைப்பாட்டில் தகுதியிழந்த அந்த இன்மை, கள அடையாளமாக இவ்வாறு இன்றும் பயன்படுகிறது.

வாழிடம் பற்றிய கேள்வி இப்பகுதியில் தனிச்சிறப்புடையது. இச்சிற்றினம் சுண்ணம் கலந்த ஈரத் தளங்களை நன்கு ஏற்கும். நைஸ் பாறையோ சிலிக்கா மிகுந்தது, சுண்ணம் குறைந்தது. இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி ஆகிய மலைக்கோட்டைகளின் சுண்ணாம்புக் காரை அத்தகைய தளத்தை முற்காலத்திலேயே அளித்திருக்க வேண்டும்; 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின் பெருகிய தடுப்புச் சுவர்கள், சிறுபாலங்கள், வடிகால்கள் ஆகியவற்றின் சிமென்ட் பரப்பு அதைப் பன்மடங்காக்கியுள்ளது. இன்னொரு புறம், மெருகேற்றி ஏற்றுமதி செய்யப்படும் வண்ணக் கற்களுக்காக இயற்கைப் பாறைகள் வெட்டப்பட்டு, மழைநீர் கசியும் பழைய பாறை முகங்கள் அழிகின்றன. சிமென்ட்டில் வளரும் திட்டும் நைஸ் கசிவில் வளரும் திட்டும் ஒரே சிற்றினமாக இருந்தாலும் ஒரே மரபுக் கூட்டத்தைச் சேர்ந்தவையா என்பதைப் பசுங்கணிக டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு ஆராயலாம். பாட்டியேசி குடும்பத்தின் உறவுகளை ஆராய 2004இல் வெர்னரும் உடன் ஆய்வாளர்களும் கையாண்ட ஆர்.பி.எஸ்.4 மரபணு பேரின அளவில் பயன்பட்டது, கூட்ட அளவிலான வேறுபாட்டுக்கு அதைவிட விரைந்து மாறும் பகுதிகள் தேவைப்படும். அவ்வாய்வுக்கு உலர்மாதிரியின் சீட்டில் ஊர், உயரம், நாள் ஆகியவற்றோடு தளம் நைஸா, காரையா, சிமென்ட்டா என்பதும், நீர் எங்கிருந்து கசிகிறது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெட்டப்படவிருக்கும் பாறைகளிலிருந்து அத்தகைய மாதிரிகளை எடுத்து, 1853இல் தொடங்கப்பட்டு இன்று கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற பொதுத் தொகுப்பில் சேர்ப்பது, குவாரிப் பணி தொடங்குமுன் செய்து முடிக்கவேண்டிய வேலையாகும்.