கை பழகிய இடம்: லத்திஃப் மொஹிடினின் ஓவியங்களில் உள்ளுணர்வும் பொருளும்

அரூப ஓவியம் பற்றிய நம் எழுத்துகளில் 'உள்ளுணர்வு' என்ற சொல் வந்ததும் விவாதம் நின்றுவிடுகிறது. ஓவியர் உணர்ந்தார், தீட்டினார். பார்ப்பவர் தமக்குப் பட்டதை எடுத்துக்கொள்ளட்டும் என்று முடித்துவிடுகிறோம். கேட்க மரியாதையாக இருந்தாலும் இது கைகழுவல்தான். ஓவியரின் கை யோசிக்காமல் ஓடுகிறது என்றால், அது எங்கோ, எதிலோ பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தின் வரலாற்றைத் தேடிக் காட்ட முடியும் என்பதும், அரூப ஓவியத்தின் பொருளைத் தனிப்படத்தைவிட ஆண்டுக்கணக்கில் தொடரும் படவரிசையிலேயே தேட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒப்பீட்டுக்கு அருகிலேயே ஒன்று இருக்கிறது. மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. செம்பனைத் தோட்டங்களைக் கடந்து சுங்கை பும்புன் கிராமத்துக்குப் போனால், மா மெரி பூர்வகுடிச் சிற்பிகள் நீரே பாத்து என்னும் சதுப்புநில மரத்தில் முகமூடிகளும் உருவங்களும் செதுக்குவதைப் பார்க்கலாம். அவர்களுடைய 'ஹரிமாவ் பெரந்தாய்', அதாவது சங்கிலிப் புலி, ஒரே கட்டையில் பிறப்பது. சங்கிலியின் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துத் தனித்தனியே அசையும். ஆனால் ஒட்டு எங்கும் இல்லை. அந்தக் கைத்திறனுக்கு முன் நாம் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். ஆயினும் அந்த வடிவம் சிற்பியின் சொந்தச் சொத்தல்ல, 'மோயாங்' எனப்படும் மூதாதை ஆவிகளுடையது. ஏன் இந்த முகம், ஏன் இந்தச் சங்கிலி என்று கேட்டால் கதை சொல்ல ஊர் இருக்கிறது. அரூப ஓவியருக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. வடிவத்தை உருவாக்குவதும், அதைப் படிக்கப் பார்வையாளரைப் பழக்குவதும் அவர் தலையில்தான் விழுகின்றன.

மலேசிய ஓவியர் லத்திஃப் மொஹிடின் இந்தச் சுமையை எப்படித் தாங்கினார் என்பது கவனிக்கத் தக்கது. 1941-இல் நெகிரி செம்பிலானின் லெங்கெங்கில் பிறந்து, சிங்கப்பூரின் கம்போங் கிலாமில் வளர்ந்தவர் அவர். 1960 முதல் 1964 வரை மேற்கு பெர்லின் நுண்கலைக் கல்லூரியில் பயின்றார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'பாகோ பாகோ' வரிசை (1964-69) அந்தக் குளிர்நகரத்தில்தான் கருக்கொண்டது. டாலம் பகுதியின் இனவியல் அருங்காட்சியகத்தில் அவர் கண்ட பௌத்தக் கோபுர வடிவங்களே அதற்கு வித்து. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் என்று அவர் அலைந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த வரிசைப் படங்களில் கறுத்துத் தடித்த கோடு உருவத்தைச் சூழ்ந்து இறுக்குகிறது. அடியில் மூங்கில் குருத்து போன்ற கூர்மை; மேலே போகப்போக அடுக்குக் கோபுரம்; பக்கங்களில் முள்ளும் ஓலையும். செடி எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இதை முழு அரூபம் என்று நான் சொல்ல மாட்டேன்; அரூபத்துக்குள் ஒரு கால் வைத்த நிலை. 'வெப்பமண்டலத்தின் ஆன்மா' என்று இப்படங்களைப் புகழ்வது சுலபம். ஆனால் அந்த மண்ணிலிருந்து தானாகப் பொங்கிய உணர்வென்றால் பெர்லினில் ஏன் தொடங்க வேண்டும்? ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிசத்தின் முரட்டுக் கோட்டில் பழகிய கை, கண்ணாடிப் பேழைக்குள் தன் வட்டாரத்தைச் சந்தித்தது. ஊரைப் பிரிந்த தூரமும் அந்தக் கோட்டில் சேர்ந்திருக்கிறது.

மலேசிய அரூபக் கலைக்கு ஓவியரும் கலை விமர்சகருமான ரெட்சா பியாடாசா தந்த விளக்கம் பரவலாக அறியப்பட்டது. உருவம் தவிர்க்கும் இஸ்லாமிய மரபும் ஜாவி எழுத்தின் வீச்சும் மலாய் ஓவியர்களைத் தூரிகை வீச்சில் பிறக்கும் வீச்சோவியத்தின்பால் ஈர்த்தன என்பது அதன் சாரம். ஓவியர் சையது அகமது ஜமாலின் 'துலிசான்' ('எழுத்து', 1961) படத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். பௌத்தக் கோபுரத்தில் பிறந்த 'பாகோ பாகோ'வுக்குப் பொருந்தாது. 1971-இன் தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பின் எந்தக் கலையையும் ஓர் அடையாளத்துக்குள் அடைக்கும் அவசரம் கூடிய நாட்டில், இந்தப் பொருந்தாமையைக் குறித்து வைப்பது அவசியம்.

அதே பியாடாசா, ஓவியர் சுலைமான் ஈசாவுடன் சேர்ந்து 1974-இல் கோலாலம்பூர் டேவான் பஹாசாவில் நடத்திய கண்காட்சி, 'தன்னுணர்வு' ஓவியத்தின் அடிமடியிலேயே கை வைத்தது. பறவையைத் திறந்துவிட்ட வெறுங்கூண்டு, பாதி குடித்த இரண்டு கொக்கோ கோலா பாட்டில்கள், எரிந்து தீர்ந்த கொசுவர்த்திச் சுருள்கள் ஆகியவை காட்சிப்பொருள்களில் சில. ஓவியரின் சொந்த மனத்தைத் திரையில் கொட்டுவது மேற்கின் பழக்கம். கீழைக் கலைஞன் பொருள்களின் காலத்தையும் இருப்பையும் தியானிக்க வேண்டும் என்றது அவர்களின் அறிக்கை. (கவிஞர் சாலே பென் ஜோனட் அந்த அறிக்கையின் மேல் சிறுநீர் கழித்துத் தம் விமர்சனத்தைத் தெரிவித்தார். மலேசியக் கலை விமர்சனத்தில் அதைவிடச் சுருக்கமான ஒன்று எனக்குத் தெரியாது.) அறிக்கையின் குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. 'என் உணர்வு' என்ற ஒற்றைச் சீட்டைக் காட்டித் தேர்வில்லாமல் தப்பித்த ஓவியர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் லத்திஃபின் 'தன்' என்பதற்குள் அருங்காட்சியகமும் மெக்கோங் கரையும், அவர் மலாயில் எழுதிய கவிதைகளும் இருக்கின்றன. தனிமனிதப் பாணி என்று நாம் அழைப்பது இத்தனை பேருடைய, இத்தனை இடங்களுடைய கூட்டு.

தமிழ் வாசகருக்குப் பழக்கமான ஓவியர் ஆதிமூலத்தை இங்கே நினைக்கலாம். 1969-இன் காந்தி கோட்டோவியங்களாலும், இலக்கிய இதழ்களில் வந்த கோடுகளாலும் அறியப்பட்டவர், பின்னாளில் கோடுகளையே துறந்து வண்ணப் பரப்புகளுக்குப் போனார். அப்படங்களில் எதுவும் புரியவில்லை என்பவர்கள் அவருடைய காந்தியை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வண்ணம் அடுத்ததைத் தொடும் விளிம்பில், கோடு போடத் தெரிந்த கை எங்கே தன்னை அடக்கிக்கொள்கிறது என்பது அப்போது தெரியும்.

லத்திஃபிடமும் வரிசைதான் சாட்சி. 'பாகோ பாகோ'வுக்குப் பின் வந்த 'லங்காவி' (1976-80) மரப்பலகைகளை வெட்டி இணைத்த, சுவரில் தொங்கும் புடைப்பு வடிவம். மரம் அவசரத்துக்கு இடம் கொடுக்காது. அளக்க வேண்டும், அறுக்க வேண்டும், பொருத்த வேண்டும். அதன்பின் 1985-இல் தொடங்கிய 'கெலொம்பாங்' படங்களில் அகன்ற தூரிகை திரையை ஒரே இழுப்பில் கடக்கிறது; கூரிய உருவங்கள் கரைந்து வண்ணத்தின் ஓட்டம் மட்டும் மிஞ்சுகிறது. இதை மட்டும் தனியே பார்ப்பவர் கட்டற்ற ஆவேசம் என்று எழுதிவிடுவார். வரிசையை அறிந்தவருக்கு வேறொன்று தெரியும்: அந்த இழுப்பு எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பதில், விளிம்புகளை அறுத்துப் பொருத்திய மரவேலை ஆண்டுகளுக்கும் பங்கிருக்கிறது. 2018-இல் பாரிஸின் பொம்பிடூ மையம் 'பாகோ பாகோ'வை மட்டும் எடுத்துக் காட்டியது பெருமைக்குரியதுதான். ஆனால் அங்கே அப்படங்களை முதன்முதலாகக் கண்டவருக்கு 'லங்காவி'யும் 'கெலொம்பாங்'கும் பக்கத்தில் இல்லை. கண்ணுக்குப் பட்ட முள்ளையும் ஓலையையும் வைத்து 'வெப்பமண்டலம்' என்ற முடிவுக்கு வர அவரை அந்த ஏற்பாடே தள்ளியிருக்கும்.