புதிதாய் வந்தவர்கள்: டாப் கியர் நிகழ்ச்சியும் அதன் பார்வையாளர்களும்

2015-ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று இலண்டன் மாநகரின் நடுவே ஒரு பீரங்கி வண்டி ஊர்ந்து சென்றது. போர் ஏதும் மூளவில்லை. வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தலைக்கவசமும் அணிந்த ஒருவர் அதன்மேல் வீற்றிருந்தார். பிபிசியின் தலைமையகத்துக்கு அவ்வண்டி சுமந்து சென்றது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட ஒரு விண்ணப்பத்தை. ‘டாப் கியர்’ என்னும் மோட்டார் வாகன நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சனைத் திரும்பப் பணியில் அமர்த்துக என்பதே அதன் சாரம். அவர் ஏன் விலக்கப்பட்டிருந்தார்? படப்பிடிப்பு முடிந்து யார்க்‌ஷயர் விடுதி ஒன்றுக்குத் திரும்பியபோது சூடான உணவு கிடைக்கவில்லை என்று தம் தயாரிப்பாளர் ஒருவரை வசைபாடி, அடித்து, உதட்டில் இரத்தம் வரச் செய்திருந்தார். ஐந்து நாள் கழித்து, அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று பிபிசியின் தலைமை இயக்குநர் டோனி ஹால் அறிவித்தார். அடிபட்டவர்மீதே இரசிகர் கூட்டம் பாய்ந்தது. அவரை விட்டுவிடுங்கள், தவறு அவருடையதன்று என்று கிளார்க்சனே வேண்டிக்கொள்ள நேர்ந்தது.

ஒரு நாளிதழின் ஆசிரியர் மாறினாலோ, ஒரு நாடக மன்றத்தின் நாயகன் மாறினாலோ வருந்துவோர் உண்டு. பீரங்கி வண்டி வருவதில்லை. இப்பார்வையாளர்கள் தமதென்று உரிமை கோரியது எதை? அவர்கள் காக்க நினைத்த ‘அசல்’ எது? இக்கேள்விகளோடு அந்நிகழ்ச்சியின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் சற்று வியப்பான செய்திகள் கிடைக்கின்றன.

டாப் கியர் 1977 ஏப்ரலில் பர்மிங்காம் நகரின் பெபிள் மில் நிலையத்திலிருந்து, மத்திய இங்கிலாந்துப் பகுதிக்கு மட்டுமான நிகழ்ச்சியாகத் தொடங்கிற்று. முதல் தொகுப்பாளர்கள் டாம் கோய்னும் ஆஞ்சலா ரிப்பனும். பிபிசி தேசியத் தொலைக்காட்சிச் செய்திகளைத் தொடர்ந்து வாசித்த முதல் பெண்மணி ரிப்பன்தான். ஆடவர் கூத்தென்று பிற்காலத்தில் பெயரெடுத்த ஒரு நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார் என்பதை அதன் தீவிர இரசிகர்களிலேயே பலர் மறந்துவிட்டனர். சாலைப் பாதுகாப்பு, எரிபொருள் சிக்கனம், புதிதாய் வந்த கார்களின் நிறைகுறை ஆகியவையே அன்றைய உள்ளடக்கம். மறு ஆண்டே நாடு முழுவதற்குமான நிகழ்ச்சியாயிற்று. பின்னர் நோயல் எட்மண்ட்ஸ் வந்தார். வில்லியம் வுல்லார்ட் வந்து பத்தாண்டு காலம் அமைதியான குரலில் பேசிவிட்டுப் போனார். 1988-இல் கிளார்க்சன் வந்தார். ஆம், அவரும் ஒருநாள் ‘புதிதாய் வந்தவர்’தான். நெட்டையான உருவம், சுருள்முடி, எதையும் மிகைப்படுத்திச் சொல்லும் நாக்கு. வண்டிச் சோதனை என்பது அளவை அட்டவணை வாசிப்பன்று, அது விமரிசனம், சில வேளைகளில் வசைக்கவி என்று காட்டியவர் அவர். 1999-இல் அவர் விலகியபின் பார்வையாளர் தொகை சரிந்து, 2001-இல் நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது.

இங்கேதான் நம் கதையின் சுவையான கண்ணி வருகிறது. கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் சேர்ந்து 2002 அக்டோபரில் நிகழ்ச்சிக்குப் புத்துயிர் கொடுத்தனர். சர்ரி மாவட்டத்தின் டன்ஸ்ஃபோல்ட் விமான ஓடுதளம் களமாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது கனடா நாட்டுப் படையினர் அமைத்த ஓடுதளம் அது. மும்மூர்த்திகள் என்று பின்னாளில் போற்றப்பட்ட கிளார்க்சன், ரிச்சர்ட் ஹாமண்ட், ஜேம்ஸ் மே ஆகிய மூவரும் முதல் நாளிலிருந்தே அங்கிருந்தனர் என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. முதல் தொடரின் பத்துப் பகுதிகளிலும் மூன்றாவது இருக்கையில் இருந்தவர் ஜேசன் டாவ். பழைய கார் வாங்குவதைப் பற்றி நிதானமாக அறிவுரை சொன்னவர். 2003-இல் அவரிடத்தில் மே வந்தார். பீரங்கி வண்டி எதுவும் புறப்படவில்லை, மனுவும் எழவில்லை. இன்று டாவின் பெயர் வினாடி வினாவுக்கு உரியது. ‘அசல் மூவர்’ என்பவர்களில் ஒருவர் மாற்றாளாக வந்தவர் என்பதை மனம் ஓசையின்றித் துடைத்துவிட்டிருக்கிறது. ஒவ்வொரு பார்வையாளரும் தாம் பார்க்கத் தொடங்கிய நாளையே நிகழ்ச்சி பிறந்த நாளாகக் கொள்கிறார் என்று இதனைச் சொல்லலாம்.

அம்மூவர் ஏன் அவ்வளவு பிடித்துப்போயினர் என்பதற்கு நாமறிந்த ஒரு பழைய அளவுகோல் உதவுகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நிலைக்களன்களாகப் பிறரை எள்ளுவதையும், இளமையையும், அறியாமையையும், சொன்னதை அப்படியே கொள்ளும் மடமையையும் குறிக்கிறது. மூவரும் இந்நான்கையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். எள்ளல் கிளார்க்சனுடையது. சிறுபிள்ளை ஆர்வம் ஹாமண்டுடையது. மற்றவர் போனபின்னும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வெள்ளந்தித்தனம் மேயினுடையது. மேலும் மூவரும் மாறி மாறித் தோற்றனர். எள்ளியவனே அடுத்த காட்சியில் சேற்றில் சிக்கி எள்ளப்படுவான். காரில் அக்கறையில்லாதவர்களும் ஞாயிறு இரவில் அதைப் பார்த்ததற்கு இதுவே காரணமென்பது நம் கருத்து.

ஆயினும் பொற்காலம் என்று சொல்வோர் அக்காலத்தின் கறைகளையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். 2011 டிசம்பரில் ஒளிபரப்பான இந்தியப் பயணப் பகுதியில், கிளார்க்சன் ஓட்டி வந்த ஜாகுவாரின் பின்புறத்தில் ஒரு கழிப்பறைத் தொட்டி பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவுக்கு வருவோர்க்கு அது தேவைப்படும் என்பதே நகைச்சுவை. இலண்டனிலுள்ள இந்தியத் தூதரகம் முறைப்படி கண்டனம் தெரிவித்தது. எள்ளல் என்பது தோளோடு தோள் நிற்பவனை நோக்கும்போது ஒன்று; வறியவனை நோக்கும்போது வேறொன்று. 2014-இல் அர்ஜென்டினாவில் வண்டியின் பதிவெண் 1982-ஆம் ஆண்டு ஃபாக்லாந்துப் போரைக் குறிப்பதாகக் கொதித்த மக்கள் கல்லெறிந்து, படப்பிடிப்புக் குழுவை எல்லை தாண்ட வைத்தனர். குழுவினர் அது தற்செயலென்றனர்.

கிளார்க்சன் விலக்கப்பட்டதும் மற்ற இருவரும் வில்மனும் உடன் வெளியேறி, அமேசானுக்காக ‘தி கிராண்ட் டூர்’ தொடங்கினர். காலியான இருக்கைக்கு 2015 ஜூனில் அழைக்கப்பட்டவர் கிறிஸ் எவான்ஸ். வானொலியில் காலை நேரத்துக்கு அரசர். பழைய ஃபெராரி கார்களின் சேகரிப்பாளர். தகுதிக்குக் குறைவில்லை. அவருடன் ‘ஃபிரண்ட்ஸ்’ தொடரில் நடித்த அமெரிக்கர் மாட் லெபிளாங்க், நூர்பர்க்ரிங் பந்தயத்தடத்தை வீட்டு முற்றம்போல் அறிந்த சபீனா ஷ்மிட்ஸ், மோட்டார் இதழாளர் கிறிஸ் ஹாரிஸ், பொதுத்தேர்வுக்குக் காணொளி அனுப்பித் தேறிய ரோரி ரீட், எட்டி ஜோர்டன் எனப் பெரும்பட்டாளமே சேர்க்கப்பட்டது. ஒளிபரப்பு தொடங்குமுன்பே, 2016 மார்ச்சில், இலண்டன் போர் நினைவுத்தூணருகே லெபிளாங்க் அமர்ந்திருந்த கார் புகைகக்கிச் சுழன்றதற்காக எவான்ஸ் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

2016 மே 29. ஒளிபரப்பான இரவின் கணக்குப்படி 44 இலட்சம் பேர் பார்த்தனர். ஆறாவது வாரத்தில், ஜூலை 3 அன்று, அது 19 இலட்சம் ஆயிற்று. மறுநாள் எவான்ஸ் விலகினார். தம்மால் இயன்றதைச் செய்ததாகவும் அது போதவில்லை என்றும் சொல்லிப் போனார். அந்த 19 இலட்சத்தைச் சொல்லும் எவரும் சேர்த்துச் சொல்லாத ஒன்றுண்டு: அதே இரவில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் காலிறுதியில் பிரான்சும் ஐஸ்லாந்தும் மோதிக்கொண்டிருந்தன. முந்தைய சுற்றில் இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பிய அதே ஐஸ்லாந்து! எண்களை மட்டும் வைத்து ஒரு மனிதரைத் தூக்கில் ஏற்றுவதில் இத்தகைய அநீதி எப்போதும் உண்டு.

ஆனால் பார்வையாளர் குற்றச்சாட்டு முற்றும் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. எவான்ஸ் கத்துகிறார் என்பதே பெரும்பாலோர் முறையீடு. அது மெய்தான். பாத்திரத்தின் காலியிடத்தில் அவர் தம்மைப் பொருத்த முயன்றார். முன்னவரின் ஏற்ற இறக்கம், முன்னவரின் இடைநிறுத்தம், ஆனால் முன்னவருக்கிருந்த எதிராளிகள் இல்லை. தன்னை யாரும் எள்ளாத இடத்தில் எள்ளல் வெறுங்கூச்சலாகிவிடுகிறது. ஒருவர் பாதிவரை நடத்திய பாடத்தை இடையில் ஏற்றுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தவர்களுக்கு இந்த இக்கட்டு தெரியும்: முன்னவரைப்போல் நடத்தினால் போலி, வேறுவிதமாக நடத்தினால் குறை. அதே தொடரில் ஹாரிசும் ரீடும் யாரையும் போலச் செய்யவில்லை. காரைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைப் பேசினர். பார்வையாளர் அவர்களைத் தொடக்கத்திலேயே ஏற்றனர். லெபிளாங்க்கின் மெல்லிய குரலும் எடுபட்டது. 2017-இல் அம்மூவரே முன்னின்றபோது ஏச்சு பெருமளவு அடங்கிற்று.

சபீனா ஷ்மிட்ஸைப் பற்றி ஒரு சொல். நூர்பர்க்ரிங்கில் கிளார்க்சன் டீசல் ஜாகுவாரில் ஒரு சுற்றை 9 நிமிடம் 59 நொடியில் முடிக்க, சரக்கு ஏற்றும் ஃபோர்டு வேனில் 10 நிமிடம் 8 நொடியில் வந்தவர் அவர். 24 மணிநேரப் பந்தயத்தை 1996-இலும் 1997-இலும் வென்றவர். இவரைப் பெயரளவிலேயே வைத்திருந்து வீணாக்கினர் என்பது நம் நெடுநாள் மனக்குறை. 2021 மார்ச்சில் புற்றுநோயால் மறைந்தார்.

லெபிளாங்க் விலகியபின் 2019-இல் வந்தவர்கள் நகைச்சுவையாளர் பாடி மெக்கின்னஸும், ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபும். பின்னவரைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, 2009-இல் 15.5 இலட்சம் டாலருக்கு ஏலம்போய் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு மூன்றே ஆட்டம் ஆடிய அதே ஃபிளின்டாஃப். காரைப் பற்றி இவ்விருவருக்கும் என்ன தெரியும் என்றே முதலில் கேட்கப்பட்டது. விடை வேறு வழியில் வந்தது. சுவிட்சர்லாந்தின் அணைக்கட்டொன்றின் உச்சியிலிருந்து, கயிற்றில் கட்டிய சிறு காருக்குள் அமர்ந்தபடி ஃபிளின்டாஃப் குதித்தார். மெக்கின்னஸ் அஞ்சினார், ஹாரிஸ் தலையிலடித்துக்கொண்டார், பார்வையாளர் சிரித்தனர். கூட்டு அமைந்துவிட்டது. 2020 அக்டோபரில் நிகழ்ச்சி முதன்மை அலைவரிசையான பிபிசி ஒன்றுக்கு உயர்த்தப்பட்டது. பார்வையாளரின் அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

அந்த அங்கீகாரம் எதனால் ஈட்டப்பட்டது என்பதையே நாம் கவலையோடு நோக்குகிறோம். 2006 செப்டம்பரில் யார்க் நகருக்கருகே எல்விங்டன் ஓடுதளத்தில் ஹாமண்ட், ஜெட் எந்திரம் பூட்டிய ஊர்தியை மணிக்கு ஏறத்தாழ 288 மைல் வேகத்தில் ஓட்டுகையில் டயர் வெடித்துக் கவிழ்ந்து மூளையில் காயமுற்றார். அவர் மீண்டு வந்து, விபத்துக் காட்சி காட்டப்பட்ட 2007 ஜனவரிப் பகுதியை ஏறத்தாழ 80 இலட்சம் பேர் பார்த்தனர். 2019 செப்டம்பரில் அதே எல்விங்டனில் ஃபிளின்டாஃப் மூன்று சக்கர ஊர்தியோடு தடம் விலகி ஓடினார், காயமில்லை, அது செய்தியாகி, விளம்பரமுமாயிற்று. 2022 டிசம்பர் 13 அன்று டன்ஸ்ஃபோல்டில், மேற்கூரையற்ற மார்கன் மூன்று சக்கரக் கார் அவருடன் கவிழ்ந்தது. தலைக்கவசம் இல்லை. முகம் தரையில் இழுபட்டது.

யாரேனும் ஒருவர் உயிரிழப்பார் என்று அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பிபிசியிடம் எச்சரித்ததாக ஹாரிஸ் 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். முந்தையதைவிடப் பெரிய சாகசம், நூலிழையில் தப்பும் காட்சி, அதனால் கூடும் பார்வையாளர் என்று தொலைக்காட்சி மேலும் மேலும் கேட்டுக்கொண்டே போகிறது என்ற பொருள்பட ஃபிளின்டாஃப், 2025-இல் வெளிவந்த ஆவணப்படத்தில் பேசினார். ‘தொலைக்காட்சி கேட்கிறது’ என்பதில் எழுவாய் யார்? சோபாவில் சாய்ந்தபடி, இவன் முன்னவனைப்போல் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கிய நாமுந்தானே? கண்டனத்தில் மட்டுமே பார்வையாளர் கருத்துக்கு வலிமை உண்டென்று எண்ணியிருந்தோம். கைதட்டலுக்கும் விலை உண்டு என்பதை இவ்வரலாறு காட்டிற்று. மறுபுறம், அத்தொகுப்பாளர்கள் விரும்பியே சென்றனர், பெரும் ஊதியம் பெற்றனர் என்பாரும் உளர். அவ்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆயினும் புதியவன் தன்னை மெய்ப்பித்தாக வேண்டிய நிலையில் இருப்பவன். வேண்டாம் என்று சொல்லும் துணிவு அவனுக்கே மிகக் குறைவு.

2023 நவம்பரில், டாப் கியருக்குக் காலவரையின்றி ஓய்வு என்று பிபிசி அறிவித்தது. இம்முறை பீரங்கி வண்டி வரவில்லை. ரிப்பன் காலந்தொட்டு ஆள்கள் மாறினும் ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் ‘ஜெசிகா’ என்னும் 1973-ஆம் ஆண்டுக் கிதார் இசையே ஏதேனும் ஒரு வடிவில் முகப்பிசையாய்த் தொடர்ந்து வந்தது. பழைய மூவரோ 2024 செப்டம்பரில் தம் கடைசிப் பயணத்தைப் போட்ஸ்வானாவின் உப்புப் படுகையில், 2007-இல் தாம் ஒருமுறை வந்துசென்ற இடத்திலேயே முடித்துக்கொண்டனர்.

அதற்கு ஓராண்டு முன், 2023 செப்டம்பரில், கார்டிஃப் மைதானத்தில் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர்களோடு ஃபிளின்டாஃப் நின்றிருந்தார். விபத்துக்குப்பின் அவரைப் பலர் பார்த்தது அன்றுதான். தொப்பியை இழுத்துவிட்டிருந்தார். மூக்கிலும் கன்னத்திலும் தழும்புகள் தெளிவாகத் தெரிந்தன.