தேயாத விமானத்தின் தேய்மானம்

வணிகவியல் மாணவர்கள் முதலாம் ஆண்டிலேயே சந்திக்கும் ஒரு சொல், தேய்மானம். இயந்திரம் ஓட ஓடத் தேயும். அதனால் ஆண்டுதோறும் அதன் மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். சரி, கணினித் திரைக்குள் மட்டுமே பறக்கும் ஒரு விமானம் எப்படித் தேயும்? அதற்குத் துரு பிடிக்காது, டயர் வெடிக்காது. ஆனாலும் அது தேய்கிறது! சொல்லப்போனால் நிஜ விமானத்தைவிட வேகமாகவே தேய்கிறது. வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் பொழுதுபோக்கின் நாற்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு இதைத்தான் காட்டுகிறது.

எல்லாம் தொடங்கிய இடம்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் என்பவர், பறக்கும் காட்சியைக் கணினித் திரையில் வரைந்து காட்டுவது பற்றி 1975-இல் ஆய்வேடு எழுதினார். பிறகு சப்லாஜிக் என்ற நிறுவனத்தில் அதை ஒரு விற்பனைப் பொருளாக மாற்றினார். 1980 வாக்கில் ஆப்பிள் 2 கணினிக்கு முதல் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. வெறும் கோடுகளால் ஆன நிலம், கோடுகளால் ஆன மலை. அவ்வளவுதான்!

மைக்ரோசாப்ட் இதற்கு உரிமம் வாங்கி, ஐபிஎம் பிசிக்கான பதிப்பை 1982 நவம்பரில் வெளியிட்டது. அதில் இருந்தது செஸ்னா 182 என்ற நான்கு பேர் அமரும் சிறு விமானம். சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற விமான நிலையத்தில் பயணம் தொடங்கும். ஒரே எஞ்சின், குறைந்த வேகம், சில மீட்டர்கள். அன்றைய கணினியின் சக்திக்குப் பொருத்தமான விமானம்தான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. விபத்து வழக்குகளுக்கான காப்பீட்டுச் செலவு தாங்காமல் செஸ்னா நிறுவனம் தன் சிறு பிஸ்டன் விமானங்களின் உற்பத்தியை 1986-இல் நிறுத்திவிட்டது. 1994-இல் அமெரிக்க அரசு சட்டத்தை மாற்றிய பிறகுதான் மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. நிஜத் தொழிற்சாலை மூடிக் கிடந்த அந்த இடைவெளியில் 1988, 1989, 1993 என்று மூன்று முறை ஃப்ளைட் சிமுலேட்டரின் புதிய பதிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் கணினிக்குள் இருந்த செஸ்னா கூடுதல் அழகோடு வந்து நின்றது!

ஆட்-ஆன் என்றால் என்ன?

சிமுலேட்டருடன் வரும் விமானங்கள் போதாது என்று நினைப்பவர்கள், வெளியாட்கள் செய்த விமானத்தைத் தனியாக வாங்கியோ இலவசமாக இறக்கியோ சேர்த்துக்கொள்ளலாம். இதுதான் ஆட்-ஆன். 2000-களில் வந்த ஒரு சிறு விமான ஆட்-ஆனைத் திறந்து பார்த்தால் சில ஃபோல்டர்கள் இருக்கும். ஒன்றில் விமானத்தின் முப்பரிமாண உருவம். ஒன்றில் அதன் மேல் ஒட்டும் வண்ணப் படங்கள். ஒன்றில் எஞ்சின் சத்தம். ஒன்றில் மீட்டர் பலகை. இவற்றோடு எடை, இறக்கையின் அளவு, எஞ்சினின் குதிரைத்திறன் போன்ற எண்கள் அடங்கிய கோப்புகள்.

2001-இல் வெளியான ஃப்ளைட் சிமுலேட்டர் 2002-இன் புரொஃபஷனல் பதிப்போடு ஜிமேக்ஸ் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளும் இலவசமாகக் கிடைத்தது. அதன் பிறகு கேட்கவா வேண்டும்? பொறுமை உள்ள எவரும் விமானம் செய்யலாம் என்றாகிவிட்டது. வேலை முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து, ஒரு விமானத்தின் கதவுப் பிடிவரை செதுக்கி, ஒரு பைசா வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்தவர்கள் ஏராளம்.

காலடியில் நகரும் தரை

சிக்கல் எங்கே வந்தது? விமானம் அப்படியே இருந்தது. அது நின்ற தரை நகர்ந்துவிட்டது.

2003-இல் வந்த பதிப்புக்குச் செய்த விமானங்கள், 2006 அக்டோபரில் வந்த எஃப்எஸ்எக்ஸ் பதிப்பில் பெரும்பாலும் பறந்தன. ஆனால் குறைகளோடு பறந்தன. சுழலும் புரொப்பெல்லரைக் காட்டும் மெல்லிய வட்டத்தின் வழியே பார்த்தால், எதிரே இருக்கும் மேகம் காணாமல் போகும்! காரணம், ஒளி ஊடுருவும் பொருட்களை வரையும் முறை மாறியிருந்தது. சரிசெய்ய வேண்டுமானால் அசல் முப்பரிமாணக் கோப்பைத் திறந்து புதிய முறையில் மீண்டும் ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்தக் கோப்பு செய்தவரிடம் மட்டுமே இருக்கும்.

2009 ஜனவரியில் மைக்ரோசாப்ட் இதைத் தயாரித்த ஏசஸ் ஸ்டுடியோவையே மூடிவிட்டது. அதே தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்ற லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் 2010-இல் பிரிபேர்3டி என்ற பெயரில் அதைத் தொடர்ந்தது. அதன் நான்காம் பதிப்பு 2017 மே மாதம் 64 பிட் மென்பொருளாக வந்தபோது அடுத்த அடி விழுந்தது. 32 பிட்டுக்காக எழுதித் தொகுத்த மீட்டர் நிரல்கள் அதில் ஓடாது. மூல நிரலை எடுத்து மீண்டும் தொகுக்க வேண்டும். மூல நிரல் தொலைந்திருந்தால்? செய்தவர் இந்தப் பொழுதுபோக்கையே விட்டுப் போயிருந்தால்? வெளியே பளபளவென்று விமானம் நிற்கும். உள்ளே மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை!

2020 ஆகஸ்டில் பிரான்சின் அசோபோ ஸ்டுடியோ உருவாக்கிய புதிய மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. உருவத்தின் கோப்பு வகை, வண்ணப் பூச்சு முறை, மீட்டர் நிரல், காற்றைக் கணக்கிடும் விதம் என்று கிட்டத்தட்ட எல்லாமே அதில் புதிது. பழைய ஆட்-ஆனுக்குப் புது வண்ணம் பூசினால் போதாது. பாதிக்கு மேல் புதிதாகக் கட்ட வேண்டும்.

ஒரு விமானத்தின் இரண்டு வாழ்க்கை

பைப்பர் கமாஞ்சி என்ற சிறு விமானம் 1956-இல் முதன்முதலில் பறந்தது. உலோக உடல், நான்கு இருக்கை, உள்ளே மடங்கும் சக்கரங்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் லாக் ஹேவன் ஊரில் தயாரானது. 1972 ஜூனில் ஆக்னஸ் சூறாவளி கொண்டுவந்த வெள்ளம் அந்தத் தொழிற்சாலைக்குள் புகுந்தது. பாகங்கள் செய்யும் அச்சுகளும் கருவிகளும் பாழாயின. கமாஞ்சியின் உற்பத்தி அத்தோடு நின்றது. ஆனால் ஏற்கெனவே விற்ற கமாஞ்சிகள் நிற்கவில்லை. உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவற்றைப் பறக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே கமாஞ்சியை ஏ2ஏ சிமுலேஷன்ஸ் என்ற நிறுவனம் எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் ஆட்-ஆனாகச் செய்தது. விமானத்தை ஒருநாள் முரட்டுத்தனமாக ஓட்டினால் அதன் பலன் மறுநாளும் இருக்கும். எண்ணெய் மாற்ற வேண்டும், ஸ்பார்க் பிளக்கைப் பார்க்க வேண்டும். ஆக, தேய்மானத்தையே கணினிக்குள் கொண்டுவந்தார்கள்! புதிய சிமுலேட்டருக்கான கமாஞ்சி 2023-இல்தான் வந்தது. அதாவது சிமுலேட்டர் வெளியாகி ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து. ஏன் இவ்வளவு தாமதம்? சிமுலேட்டர் தரும் இயற்பியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், விமானம் பறக்கும் விதத்தைத் தங்கள் சொந்த நிரலாலேயே கணக்கிடும்படி அதைக் கட்டினார்கள்.

நிஜ கமாஞ்சிக்கு லாக் ஹேவனின் அச்சுகள் எப்படியோ, ஆட்-ஆனுக்கு மூலக் கோப்புகள் அப்படி. 2009 மே மாதம் ஏவ்சிம் என்ற ஆட்-ஆன் நூலகத்தின் இரண்டு சர்வர்களையும் யாரோ ஊடுருவி அழித்தார்கள். ஒன்றுக்கு மற்றொன்றுதான் காப்புப் பிரதி! பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் மறைந்ததுபோல் ஆனது. ஏவ்சிம் பிறகு மீண்டு வந்தது. ஆனாலும் கணினி உலகிலும் வெள்ளம் வரும் என்பதை எல்லோரும் அன்று புரிந்துகொண்டார்கள்.

செலவு யார் கணக்கில்?

இனி வணிகவியலுக்கு வருவோம். பாடப்புத்தகம் தேய்மானத்துக்கு இரண்டு பெரிய காரணங்களைச் சொல்லும். ஒன்று, பயன்படுத்துவதால் தேய்வது. மற்றொன்று, புதியது வந்ததால் பழையது மதிப்பிழப்பது. நிஜ கமாஞ்சிக்கு முதல் காரணம்தான் பெரிது. ஆட்-ஆனுக்கோ இரண்டாவது காரணம் மட்டுமே.

நிஜ விமானத்தில் பராமரிப்புச் செலவு யாருடையது என்பதில் குழப்பமில்லை, உரிமையாளர் கட்டுகிறார். ஆட்-ஆனில் அப்படி இல்லை. வாங்கியவர் ஒருமுறைதான் பணம் கொடுத்தார். செய்தவரோ சிமுலேட்டர் மாறும்போதெல்லாம் உழைக்க வேண்டும். மீண்டும் காசு கேட்டால் வாங்கியவருக்குக் கோபம் வருகிறது. கேட்காவிட்டால் செய்தவருக்குக் கட்டுப்படியாகவில்லை. இலவசமாகக் கொடுத்தவரின் நிலை இன்னும் சங்கடம். அவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல. ஆனாலும் அடுத்த பதிப்புக்கு எப்போது தருவீர்கள் என்ற கேள்வி மட்டும் அவரை விடாது.

உண்மையில் ஒரு ஆட்-ஆனை வாங்குபவர் விமானத்தை மட்டும் வாங்குவதில்லை. அதைச் செய்தவரின் அடுத்த சில ஆண்டுகள் மீது நம்பிக்கையும் வைக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ரசீதில் இடம் கிடையாது. 2024 நவம்பரில் அடுத்த ஃப்ளைட் சிமுலேட்டரும் வந்துவிட்டது. செய்தவர்கள் மறுபடியும் பழைய கோப்புகளைத் திறந்தார்கள். புதுப்பித்துத் தருபவருக்கு ஒரு சிறு தொகையோ, இலவசமாகத் தருபவருக்கு ஒரு வரி நன்றியோ கொடுப்பது தர்மம் செய்வதாகாது. கணக்குப் பார்த்தால், அது பராமரிப்புச் செலவு!