மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்கள்

போர்க்கால யாழ்ப்பாணத்தைப் பற்றிய கதைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும், புகை கக்கியபடி செல்லும் பழைய கார் ஒன்று எங்காவது ஒரு மூலையில் வந்துவிடுகிறது. பிரசவ வலியெடுத்த பெண்ணையோ, செல்லடியில் காயப்பட்டவரையோ, மணவறைக்குச் செல்லும் மாப்பிள்ளையையோ அது சுமந்து செல்லும். பெரும்பாலும் அது ஒஸ்ரின் ஏ40 ஆகவோ மொறிஸ் மைனராகவோ ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஆகவோ இருக்கும். வாசகர் அதைக் காலப் பின்னணியின் ஒரு தீற்றலாக எண்ணிக் கடந்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் 40 ஆண்டு பழைய கார் ஒன்று, பெற்றோலும் உதிரிப்பாகமும் வராத ஊரில் எவ்வாறு ஓடியது என்று கேட்டுப் பார்த்தால், விடை நம்மை இன்னொரு போருக்கும் இன்னொரு தேசத்தின் வறுமைக்கும் இட்டுச் செல்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா வென்ற நாடாக இருந்தது; கூடவே கடன்பட்ட நாடாகவும் இருந்தது. கடனை அடைக்க அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. ஆகவே கார் செய்யும் நிறுவனங்கள் தம் உற்பத்தியின் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்யவேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. ஏற்றுமதி செய்பவருக்கே உருக்கு ஒதுக்கப்பட்டது. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 டெவனும், 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனரும் இந்தச் சூழலில் பிறந்தவை. ஆங்கிலேயர் தம் காருக்காகக் காத்திருக்க, அந்தக் கார்கள் கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கும் முன்னாள் குடியேற்ற நாடுகளுக்கும் போயின.

இங்கே இன்னொரு செய்தியும் முக்கியமானது. 1939இல் போர் தொடங்கியதும் பிரித்தானியாவில் நிறுவனப் பெயருள்ள பெற்றோல்கள் மறைந்து, எல்லாம் ஒன்றாய்க் கலந்த 'பூல்' பெற்றோல் மட்டுமே விற்கப்பட்டது. 1953 வரை இந்நிலை நீடித்தது. அதன் ஒக்ரேன் எண் 70ஐ அண்டியதாகவே இருந்தது. ஒக்ரேன் எண் என்பது, எரிபொருள் அமுக்கப்படும்போது தானாக வெடித்துவிடாமல் தாங்கும் ஆற்றலின் அளவு. அது குறைந்தால் எஞ்சினுக்குள் சம்மட்டியால் தட்டுவது போன்ற ஒலி எழும், பிஸ்ரன் பழுதாகும். ஆகவே அக்கால வடிவமைப்பாளர்கள் மட்டமான பெற்றோலுக்கு ஏற்றபடி அமுக்க விகிதத்தைத் தாழ்வாக வைத்தார்கள். 1200 சீ.சீ. கொண்ட ஏ40 எஞ்சினின் விகிதம் சுமார் 7க்கு 1. இன்றைய பெற்றோல் கார்களில் இது 10க்கு 1 என்பதையும் தாண்டுவது சாதாரணம். ஒரு போரின் பற்றாக்குறைக்காகச் செய்யப்பட்ட அந்தச் சமரசம், 40 ஆண்டுகள் கழித்து இன்னொரு போரின் பற்றாக்குறைக்கு உதவப்போகிறது என்று பேர்மிங்காமில் எவரும் எண்ணியிருக்க முடியாது.

1948 பெப்ரவரியில் சுதந்திரம் பெற்ற இலங்கை, பிரித்தானியக் கார்களுக்கு இயல்பான சந்தையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் வைத்தியரும் சட்டத்தரணியும் ஆசிரியரும் வர்த்தகரும் இவற்றை வாங்கினர். அவற்றின் இலக்கத் தகடுகளே ஒரு சிறு வரலாறு. 1950களின் முற்பகுதியில் பதிவானவை ஆங்கில எழுத்துகளைத் தாங்கியிருந்தன. 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து தகடுகளில் புகுந்தபோது, அதற்கெதிராகத் தமிழர் நடத்திய போராட்டம் 1958 வரை நீண்டது. ஆங்கில எழுத்துள்ள ஏ40 ஒன்று வீட்டு முற்றத்தில் நின்றால், அது அந்தச் சண்டைக்கு முந்தியது என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதுக் கார் என்பது பெரும்பாலோருக்கு எட்டாக் கனி. கையிலிருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டில் கார் பராமரிக்கும் பழக்கம் அன்று பொழுதுபோக்காகத் தோன்றியதல்ல. பஞ்சத்தில் உருவான ஒழுக்கம் என்றே அதைக் கொள்ளவேண்டும்.

அந்த ஒழுக்கத்துக்கு அந்தக் கார்களும் ஒத்துழைத்தன. மூடியைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடமிருந்தது. பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. அதை ஒரு தகட்டுமானியை வைத்து வீட்டிலேயே சரிசெய்யலாம். ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவதும் வால்வுகளை அரைப்பதும் உரிமையாளருக்கான கையேட்டு வேலைகளாகவே கருதப்பட்டன. மொறிஸ் மைனரின் முன் சில்லைத் தாங்கும் இணைப்புகளுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் அவை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து கார் வீதியில் முழந்தாளிடும். இதை அறிந்தவர்கள் நாட்காட்டியில் குறித்துவைத்துக் கிறீஸ் அடித்தார்கள். பற்றறி வலுவிழந்து ஸ்ரார்ட்டரைச் சுழற்ற முடியாவிட்டாலும், பிளக்கில் பொறி எழுப்ப அதில் மிச்சமிருந்த மின்சாரம் போதும். முன்னால் இரும்புத் தண்டைச் செருகிச் சுழற்றினால் எஞ்சின் உயிர்க்கும். வேலை தெரிந்தவரின் பெட்டியில் ஆங்கில விற்வேர்த் அளவு ஸ்பனர்கள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. தேசிய மின்வலையமைப்பிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டது. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் எனப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாடுகளுடன் சிறிதளவு வந்தது. அதன் விலையோ பலமடங்கு ஏறியது. ஜாம் போத்தலில் திரியிட்டு மாணவர் படித்ததும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் இக்காலத்தில்தான். இதே ஆண்டுகளில்தான் ஏ40கள் கொட்டகைகளிலிருந்து வெளியே வந்தன. புதிய யப்பானியக் கார்கள் முடங்கி நிற்க, பாட்டன் காலத்துக் கார்கள் ஓடின.

மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும் என்பது யாழ்ப்பாணத்தவரின் கண்டுபிடிப்பன்று. பிரித்தானியாவில் பெர்கூசன் உழவு இயந்திரங்கள் 1949 முதலே மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் வடிவிலும் கிடைத்தன. பெற்றோலில் தொடங்கி, எஞ்சின் சூடேறியதும் மற்றதற்கு மாற்றுவதே முறை. வெங்காயமும் புகையிலையும் பயிரிட்ட வலிகாமத்து விவசாயிக்கும் இது புதிதல்ல. அவரது நீர் இறைக்கும் இயந்திரம் சிறிது பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியது. ஆகவே கார் கராஜ்களுக்கு இந்த அறிவு தொலைதூரத்திலிருந்து வரவில்லை. தோட்டத்துக் கிணற்றடியிலேயே அது இருந்தது.

செய்முறை எளிது. காபரேற்றருக்கு அருகே ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்து, சில துளிகளை மட்டும் விட்டு எஞ்சினைத் தொடக்குவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதே இதற்குக் காரணம். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் குழாயைத் திறந்துவிடலாம். இங்கே இன்னொரு பழைய வடிவமைப்பும் கைகொடுத்தது. இந்தக் கார்களில் காற்று உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி அமைந்திருந்தன. புகைக்குழாயின் வெப்பம் உட்செல்லும் கலவையைச் சூடாக்கியதால் மண்ணெண்ணெய் ஆவியாவது எளிதாயிற்று. தட்டும் ஒலி கேட்டால் டிஸ்ரிபியூற்றரைச் சற்றே திருப்பிப் பொறி எழும் நேரத்தைத் தாமதப்படுத்தலாம். ஒரு நட்டைத் தளர்த்திச் செய்யும் வேலை அது. 1956க்குப் பின் வந்த மைனர்களில் அமுக்க விகிதம் உயர்ந்திருந்ததால், இந்த எரிபொருளுக்கு அவை முந்தியவற்றைப் போல் இணங்கக்கூடியவையல்ல.

இதை வெறும் சாகசமாகக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மண்ணெண்ணெய் முழுமையாக எரிவதில்லை. எரியாத பகுதி பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் பெயரிங்குகளைத் தின்னும். ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். புதிய ஒயிலுக்கோ தட்டுப்பாடு. பிளக்குகளில் கரி படியும், வால்வுகள் ஒட்டும், வாகனத்தின் பின்னால் சைக்கிளில் வருபவரின் நெஞ்சில் புகை நிறையும். முன்பு ஆண்டுகள் தாங்கிய எஞ்சினை இப்போது மாதக் கணக்கில் கழற்றிப் பூட்ட வேண்டியிருந்தது. ஓடும் ஒரு காருக்குப் பின்னால் பாகங்கள் பறிக்கப்பட்ட இன்னொரு கார் நின்றது. கேஸ்கற்றுகள் தடித்த அட்டையில் வெட்டப்பட்டன. லேத் பட்டறைகளில் பழைய இரும்பிலிருந்து உதிரிப்பாகங்கள் கடையப்பட்டன. ஊர் உயிர் பிழைப்பதற்காக அந்தக் கார்கள் தம் ஆயுளைச் செலவிட்டன என்பதே சரி.

இதே 1990களில் நிகழ்ந்த ஒரு முரணை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை 1970களில் தொடங்கிய சார்ள்ஸ் வெயர், பழைய காரை முறையாகப் பழுதுபார்த்து நீண்ட காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதிட்டவர். மைனருக்கான உடற்தகடுகளை அவர் இலங்கையில் செய்வித்தார். பழைய மைனர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த நாடு என்பதால் அங்கே அதற்கான கைத்திறன் இருந்தது. இவ்வாறு இத்தீவில் தயாரான மைனரின் பாகங்கள் கடல் கடந்து இங்கிலாந்து போயின. அதே தீவின் வடமுனைக்கோ உதிரிப்பாகங்கள் போக வழியில்லை. பழைய கார் ஓரிடத்தில் விருப்பம், ஓரிடத்தில் தொழில், ஓரிடத்தில் உயிர்ப் பிரச்சினை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, நடந்தவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் இடையே இந்தக் கார்களும் நகர்ந்தன. நகர முடியாதவை கைவிடப்பட்டன. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது பெற்றோலும் புதிய வாகனங்களும் வந்தன. 2006 ஓகஸ்ற்றில் அது மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009இல்தான் திறந்தது. பின்னர் தவணைப் பணத்தில் முச்சக்கர வண்டிகள் பெருக, பழைய கார்கள் கல்யாண ஊர்வலத்துக்கும் புகைப்படத்துக்கும் உரியனவாகச் சுருங்கின. எனினும் 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நாடெங்கும் நீண்டன. தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. கையிலிருப்பதைப் பழுதுபார்த்து வாழும் கலை பழங்கதையாகிவிடவில்லை என்பதை இந்த ஆண்டுகள் முழு நாட்டுக்கும் நினைவூட்டின.

இன்றைய காரின் மூடியைத் திறந்தால் நமக்குத் தெரிவது பெரும்பாலும் ஒரு பிளாஸ்ரிக் உறை. அதன் எஞ்சினைக் கணினி ஆள்கிறது. பாதுகாப்பிலும் சிக்கனத்திலும் அது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் முற்றுகையிடப்பட்ட ஊர் ஒன்றில் அது முதல் வாரத்திலேயே நின்றுவிடும். திறந்து பார்க்கவும் புரிந்துகொள்ளவும் இடம் கொடுத்த பொருளே, வழங்கல் அறுந்தபோது மனிதருக்குத் துணையாக நின்றது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி மேற்கு நாடுகளில் இப்போது பேசுகிறவர்கள், யாழ்ப்பாணத்து கராஜ்களின் அந்த ஐந்தாண்டுகளையும் தம் சான்றுகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

போரின் தளபதிகளையும் தேதிகளையும் பதிவு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். எந்த அட்டையில் கேஸ்கற் வெட்டினால் எத்தனை மைல் தாங்கும், எந்த வால்வை எத்தனை முறை அரைக்கலாம் என்பதை அறிந்தவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. எழுதும் பழக்கமும் அவர்களுக்கு இல்லை. வாய்மொழி வரலாறு சேகரிக்கும் நண்பர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஒலிப்பதிவுக் கருவியுடன் ஒரு பழைய கராஜ் வாசலிலும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும்.