பாட்டி கஷாயத்தில் ஒரு விஷ இலை

அரளி விஷம்னு சின்ன வயசிலேயே நமக்குச் சொல்லி வெச்சிருப்பாங்க. அது தாக்குறது இதயத்தை. அதே வகை விஷம் உள்ள இன்னொரு செடி மருந்தான கதைதான் இன்னைக்கு.

1775, இங்கிலாந்து. கால், வயிறெல்லாம் நீர் கோத்து வீங்குற நோய்க்கு ஷ்ராப்ஷயரில் ஒரு பாட்டி ரகசியக் கஷாயம் வெச்சிருந்தாங்க. டாக்டர்கள் கைவிட்ட சிலர்கூட அதில் தேறினாங்க. கூடவே பயங்கர வாந்தி, பேதி. டாக்டர் வில்லியம் விதரிங்கிடம் கருத்து கேட்டாங்க. அதில் இருபது மூலிகை இருந்தாலும், வேலை செய்யுறது ஃபாக்ஸ்குளோவ் இலைதான்னு செடிகளை நல்லா அறிஞ்ச அவர் கண்டுபிடிச்சார். பாட்டி பேரை மட்டும் எழுதலை. எனக்கு அதில் வருத்தம்தான்.

அந்த வீக்கத்துக்குப் பல சமயம் காரணம், பலவீனமான இதயம். இலை அதைத் தூக்கி நிறுத்தும். அளவு கொஞ்சம் மீறினா நாடி விழும், பார்க்கிறதெல்லாம் மஞ்சளாவும் பச்சையாவும் தெரியும். பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1785-ல் புத்தகம் போட்டார். தேறினவங்களை மட்டும் பொறுக்காம, அளவு மீறி அவதிப்பட்டவங்களையும் இறந்தவங்களையும் அதில் எழுதினார். குமட்டலோ நாடி குறையுறதோ தெரிஞ்சா உடனே நிறுத்தணும்னு எச்சரிச்சார்.

அந்தச் செடிக் குடும்பத்திலிருந்து 1930-ல் பிரிச்செடுத்த டிகாக்ஸின், இன்னைக்கும் நம்ம மெடிக்கல் ஷாப்பில் இருக்கு. மாத்திரை ஒண்ணில் 0.25 மில்லிகிராம்.