மணல் நிறம் முதல் கறுப்பு வரை: அமெரிக்க மரைன் படையில் பட்டை முறை உருவான வரலாறு

படைக்கலன்கள் எவ்வளவு தொலைவுக்குச் சுடத் தொடங்கினாலும், பகைவனைக் கையெட்டும் தூரத்தில் எதிர்கொள்ள நேரும் நொடிக்காக வீரர்களைப் பழக்குவதை எந்தப் படையும் முற்றிலும் கைவிட்டதில்லை. ஆயினும் அந்தப் பழக்கம் பெரும்பாலும் போர் மூண்ட பின் அவசரமாகத் தொகுக்கப்பட்டதாகவும், போர் ஓய்ந்ததும் கேட்பாரற்றுப் போனதாகவுமே இருந்து வந்துள்ளது. அறிந்தவர் ஓய்வுபெற்றால் அவரோடு வித்தையும் வெளியேறிவிடும். அடுத்த போரில் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். 1775இல் தோன்றி, கப்பல்களிலும் கரையோரங்களிலும் போரிடுவதைத் தொழிலாகக் கொண்ட அமெரிக்க மரைன் படை, இந்த மறதிக்கு 2001இல் கண்ட மருந்து ஐந்து நிறப் பட்டைகள். அப்பட்டை முறையின் வேர்களோ போர்க்களத்தில் இல்லை. ஜப்பானியக் கல்வியாளர் ஒருவரின் பயிற்சிக்கூடத்தில் இருக்கின்றன.

ஜப்பானின் பழைய மற்போர் மரபுகளில் மாணவனின் தேர்ச்சியை ஆசான் தாள்சுருள் வடிவிலான உரிமச் சான்றுகளால் உறுதிசெய்வார். அத்தகைய சான்றுகள் மிகச் சிலவே. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பல ஆண்டுகள் கழியும். 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்னும் ஜூடோக் கூடத்தை நிறுவிய கானோ ஜிகோரோ இம்முறையை மாற்றினார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகவும் விளங்கிய அவர், நீண்ட கல்வியைச் சிறு படிகளாகப் பிரித்தால் மாணவர் ஊக்கம் குன்றாமல் தொடர்வர் என்பதை உணர்ந்திருந்தார். எனவே, கோ என்னும் பலகை ஆட்டத்தில் ஆட்டக்காரரைத் தரம் பிரிக்க வழங்கிய 'டான்' என்னும் படிநிலையை எடுத்துக்கொண்டு, 1883இல் தம் மாணவர் இருவருக்கு முதல் டான் அளித்தார். டான் பெற்றவர் கறுப்புப் பட்டை அணியும் வழக்கம் சில ஆண்டுகளில் அதனோடு சேர்ந்தது.

கறுப்புக்குக் கீழே பல வண்ணங்களை அடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் வளர்ந்தது. 1935இல் பாரிஸில் குடியேறி ஜூடோ கற்பித்த மிகினோசுகே கவாய்ஷியின் பள்ளி அதைப் பரப்பியதில் முதன்மையானது. பட்டை முறை கொண்ட கலையொன்று தேசியப் படைக்குள் பெருமளவில் நுழைந்ததற்குக் கொரியா எடுத்துக்காட்டு. ஜப்பானில் கராத்தே கற்ற தளபதி சோய் ஹோங் ஹி, 1953இல் ஜேஜு தீவில் உருவான 29ஆம் காலாட்படைப் பிரிவின் வீரர்களுக்கு அக்கலையை அணிவகுப்புப் பயிற்சிபோல் கூட்டமாகக் கற்பிக்கச் செய்தார். 1955இல் அதற்கு டேக்வாண்டோ என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஒருவர் தனித்துச் செய்து காட்டும் முறைப்படுத்தப்பட்ட அசைவுத் தொடர்கள் சோய் வகுத்த பாடத்தின் அடிப்படை. அவற்றுள் 'ஹ்வாராங்' என்னும் தொடரில் 29 அசைவுகள் இருப்பது அந்தப் படைப்பிரிவின் நினைவாகவே. கலையின் உறுப்பிலேயே படையின் எண்ணைப் பொறித்துவைத்த சான்று இது.

அமெரிக்க மரைன் படையில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே கைகலப்புப் போர்ப் பயிற்சி தனிமனிதர்களின் ஆர்வத்தையே நெடுங்காலம் நம்பியிருந்தது. பிலடெல்பியாவின் செல்வக் குடும்பத்தில் பிறந்த அந்தோணி டிரெக்ஸல் பிடில், குத்துச்சண்டையும் வாள்வீச்சும் கற்றுத் தேர்ந்து, கத்தியையும் பயோனெட் எனப்படும் துப்பாக்கிமுனைக் கத்தியையும் கையாளும் முறையை மரைன்களுக்குக் கற்பித்து, 1937இல் அதைக் கையேடாக வெளியிட்டார். அவருடைய மாணவர் ஜான் ஸ்டையர்ஸ் 1952இல் தம் நூலை எழுதினார். பிடிலின் காலத்திலேயே மற்றொரு ஊற்று ஷாங்காயில் சுரந்தது. 1907இல் அந்நகரக் காவல்துறையில் சேர்ந்த ஆங்கிலேயர் வில்லியம் ஃபேர்பேர்ன், துறைமுகத் தெருக்களின் வன்முறைக்கு ஈடுகொடுப்பதற்காக ஜப்பானிய, சீன முறைகளைக் கற்று, கோடோகானின் கறுப்புப் பட்டையையும் பெற்றிருந்தார். 1927 முதல் அங்கே நிறுத்தப்பட்டிருந்த 4ஆம் மரைன் படைப்பிரிவினர் சிலர் அவருடைய முறையை அறிந்துகொண்டனர். பட்டை பெற்ற ஒருவரிடமிருந்து வித்தை மரைன்களை அடைந்தபோதும், பட்டை என்னும் ஏற்பாடு அவரோடு வரவில்லை.

அது வந்தது ஒக்கினாவாவிலிருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தீவில் தங்கியிருந்த மரைன்கள் பலர், பணி முடிந்த மாலைகளில் உள்ளூர்க் கராத்தேப் பள்ளிகளை நாடினர். 1956இல் இஷின்-ரியூ என்னும் பிரிவைத் தோற்றுவித்த தாட்சுவோ ஷிமாபுகுவிடம் பயின்றவர்கள் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர். தாயகம் திரும்பிய அவர்களே அப்பிரிவை அமெரிக்காவில் பரப்பினர். ஆனால் அந்தக் கறுப்புப் பட்டை அணிந்தவரின் சொந்த உடைமையாகவே நின்றது. சீருடையின் மீது அதற்கு இடமில்லை. பதவி உயர்விலும் பணிக்குறிப்பிலும் அது கணக்கில் வரவில்லை.

ரான் டான்விட்டோ வகுத்து, 1989இல் படை ஏற்ற 'லைன்' என்னும் முறை முதன்முறையாகச் சீரான பாடம் ஒன்றைக் கொடுத்தது. இருளிலும் களைப்பிலும் தவறாமல் செய்யத்தக்க அசைவுகளை வரிசை எண்ணிட்டு மனப்பாடம் ஆக்கும் இம்முறை, எதிரியைக் கொல்வதையே ஒரே இலக்காகக் கொண்டிருந்தது. அதன் வலிமையே அதன் குறையாகவும் ஆயிற்று. 1990களில் சோமாலியாவிலும் ஹெய்ட்டியிலும் மரைன்கள் போரிட அனுப்பப்பட்டதைவிட உணவு விநியோகத்தைக் காக்கவும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவுமே அதிகம் நிறுத்தப்பட்டனர். அப்போதைய தலைமைத் தளபதி சார்லஸ் குருலாக், ஒரு தெருவில் நிவாரணமும் அடுத்த தெருவில் அமைதிகாப்பும் மூன்றாம் தெருவில் முழுப்போரும் நடக்கும் நிலையை 'மூன்று தெருப் போர்' என விளக்கி, அங்கே கீழ்நிலைக் கார்ப்பொரலின் முடிவுகூட நாட்டின் கொள்கையைப் பாதிக்கும் என்று எச்சரித்தார். கூச்சலிட்டுக் கையைப் பிடிக்கும் பட்டினிக்காரனுக்கும் துப்பாக்கி தூக்கும் பகைவனுக்கும் ஒரே விடையைக் கற்றிருந்த வீரனிடம் இத்தகைய அளவறிந்த பலப்பிரயோகத்தை எதிர்பார்க்க இயலவில்லை.

1999இல் தலைமைத் தளபதியான ஜேம்ஸ் ஜோன்ஸ் புதிய பாடத்திட்டம் ஒன்றை வகுக்கப் பணித்தார். லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரிஸ்டலும் மாஸ்டர் கன்னரி சார்ஜெண்ட் கார்டோ உர்சோவும் அதன் உருவாக்கத்தில் முன்னின்றனர். 2001இல் நடைமுறைக்கு வந்த மரைன் படைத் தற்காப்புக்கலைத் திட்டம், முந்தைய முறைகள் அனைத்துக்கும் மாற்றாக அமைந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் குவான்டிகோ தளத்தில் அதற்கென நடுவப் பயிற்சிக்கூடம் ஏற்பட்டது. மணல் நிறம், சாம்பல், பச்சை, பழுப்பு, கறுப்பு என்பன அதன் வரிசை. கறுப்பில் மட்டும் ஆறு படிகள். வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் இவ்வரிசையில் இடம்பெறாமல், களச்சீருடையோடு ஒட்டிப்போகும் நிறங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. ஜூடோவில் பட்டை பயிற்சி உடையைக் கட்டும் துணி. இங்கோ அது கால்சட்டையைப் பிடித்து நிறுத்தும், உலோகக் கொக்கியுடைய அன்றாட இடைவார். எனவே வீரரின் தேர்ச்சி பயிற்சிக்கூடத்தில் மட்டுமன்றி, உணவுக்கூடத்திலும் அணிவகுப்பிலும் மேலதிகாரியின் கண்ணுக்குத் தெரியும்.

மணல் நிறப் பட்டையைப் புதிதாகச் சேர்ந்தவர் பாரிஸ் தீவு அல்லது சான் டியாகோ முகாமில் அடிப்படைப் பயிற்சியின்போதே பெற வேண்டும். நிற்கும் நிலை, காயமின்றி விழுதல், குத்து, உதை, கழுத்தை நெரிக்கும் பிடி, பயோனெட் வீச்சு, கைக்குக் கிடைத்த பொருளையே ஆயுதமாக்குதல் ஆகியவற்றோடு, எதிரியைக் காயப்படுத்தாமல் மடக்கிப் பிடிக்கும் முறைகளும் இந்த முதல் நிலையிலேயே இடம்பெறுகின்றன. 'லைன்' முறை விட்ட இடத்தைப் புதிய திட்டம் தொடக்கத்திலேயே நிரப்பியதற்கு இதுவே அடையாளம். பயிற்சி வெறுங்காலில் பாய்மீது நடப்பதன்று. பூட்ஸும் களச்சீருடையும் அணிந்து, மேல்நிலைகளில் போர்க்கருவிகளின் சுமையோடும் நடப்பது.

இத்திட்டம் உடற்பயிற்சி, மனப்பயிற்சி, ஒழுக்கப்பயிற்சி என்னும் மூன்று கூறுகளால் ஆனது. உடல் களைத்து மூச்சு வாங்கும் வேளையில் வீரர்களை வட்டமாக அமர்த்தி, வீரப்பதக்கம் பெற்றவர் ஒருவரின் செயலையோ நெறி தவறிய நிகழ்வொன்றையோ பயிற்றுநர் உரையாடலுக்கு எடுப்பார். ஸ்பார்ட்டர், சூலு, அப்பாச்சி போன்ற போர்மரபினரின் வரலாறுகளும் பாடத்தில் உண்டு. அடுத்த பட்டைக்குச் செல்பவர் முந்தைய நிலையின் நுட்பங்களை மறக்கவில்லை என நிறுவ வேண்டும். மேலதிகாரியின் பரிந்துரையும் வேண்டும். ஆகவே கைத்திறன் மிகுந்திருந்தும் நடத்தை சரியில்லாதவர் அதே நிறத்தில் நின்றுவிடுவார். பயிற்றுநர்க்கும் படிகள் உண்டு. பயிற்றுநரின் இடைவாரில் மணல் நிறக் கோடும், பயிற்றுநரை உருவாக்குபவரின் இடைவாரில் சிவப்புக் கோடும் இருக்கும்.

இதன் விளைவு வித்தையின் இருப்பிடம் மாறியதே. பிடிலின் காலத்தில் அது அவரிடம் இருந்தது. ஒக்கினாவாக் காலத்தில் ஆர்வலர் சிலரிடம் இருந்தது. 2001க்குப் பின் அது படையின் பணிக்குறிப்பேட்டுக்குள் வந்தது. ஒரு பிரிவில் எத்தனை பேர் பச்சையில் நிற்கின்றனர் என்று தளபதி கேட்கலாம், குறைந்தால் காரணம் கோரலாம். இவ்வாறு கணக்கில் ஏறிய எதையும் பெரிய அமைப்பு எளிதில் மறப்பதில்லை. ஆனால் கணக்கே இலக்காகிவிடும் அபாயமும் அதில் உண்டு. நிறத்தை எட்டுவதே நோக்கமானால், மோதிப் பழகாமல் அசைவுகளை ஒப்பித்துத் தேர்ச்சி பெறுவோர் பெருகுவர்.

அமெரிக்கத் தரைப்படை வேறு வழியை மேற்கொண்டது என்பதும் இங்கே கருதத்தக்கது. 1990களின் நடுவில் ரேஞ்சர் பிரிவில் மேட் லார்சன் தொடங்கி, பிரேசிலிய ஜியு-ஜிட்சுவைத் தழுவி வளர்த்த முறையில் பட்டைகள் இல்லை. படிப்படியான பயிற்சி நிலைகளும் வீரர்களிடையே நடக்கும் போட்டிகளுமே உண்டு. ஆகவே, இடைவாரின் நிறம் இன்றியமையாதது என்று சொல்வதற்கில்லை. கானோவைப் போல் நீண்ட கல்வியைப் படிகளாக்குதல், முந்தையதை மீண்டும் சோதித்தல், கற்றவரையே கற்பிப்பவராக்குதல் ஆகிய மூன்று ஏற்பாடுகளே இரு படைகளிலும் வித்தையைத் தலைமுறை கடந்து நிறுத்தியிருக்கின்றன. மரைன் படை அவற்றோடு நன்னடத்தையையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. பலத்தை எப்போது பயன்படுத்தாமல் இருப்பது என்பதையும் போர்த்திறனின் பகுதியாகவே கணித்தது என்பதில்தான் அதன் தனித்தன்மை அமைகிறது.