வெண்முரசு ஓவியங்கள்

வெண்முரசு ஓவியங்கள் என்பவை, மகாபாரதத்தை மறுஆக்கம் செய்து எழுத்தாளர் ஜெயமோகன் இணையத்தில் எழுதிய வெண்முரசு நாவல் வரிசைக்காக வரையப்பட்டவை ஆகும். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஜெயமோகன் நாகர்கோவிலில் வசிப்பவர். 2014 சனவரி 1 அன்று தொடங்கி 2020 சூலையில் முடிந்த இவ்வரிசை, நாளொரு அத்தியாயமாக வெளிவந்தது. முதற்கனல் முதல் முதலாவிண் ஈறாக 26 நாவல்கள் இதில் அடங்கும்.

பின்னணி

தமிழில் தொடர்கதையும் ஓவியமும் இணைந்தே வளர்ந்தன. 1950களில் கல்கி இதழில் பொன்னியின் செல்வன் வெளிவந்தபோது மணியம் தீட்டிய உருவங்களே வாசகர் பலருக்கு அக்கதைமாந்தரின் முகங்களாக நிலைத்துவிட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அச்சு நூல்களை மின்னுரைகளாக்கியது. எழுத்தைக் காப்பதே அதன் முதன்மைப் பணி என்பதால், இதழ்களில் வந்த படங்கள் பெரும்பாலும் அவற்றில் இடம்பெறவில்லை. அச்சிலிருந்து திரைக்கு மாறியபோது தமிழ் வாசிப்பு இழந்தவற்றுள் இதுவும் ஒன்று.

ஓவியங்கள்

வெண்முரசில் இம்முறை தலைகீழானது. படைப்பு முதலில் திரையில் வந்தது. ஓவியமும் உடன் வந்தது. தொடக்க நாவல்களின் அத்தியாயங்களுக்கு ஓவியர் சண்முகவேல் வண்ண ஓவியங்கள் வரைந்தார். வார இதழின் ஓவியருக்கு ஒரு வாரம் கிடைத்தது. இங்கோ அத்தியாயம் நாள்தோறும் வந்தது. முகங்களைவிட ஒளி, கட்டடம், பரந்த நிலம் ஆகியவற்றுக்கு இவர் முதன்மை தந்தமை குறிப்பிடத்தக்கது.

அச்சுப் பதிப்பு

நூல்கள் பின்னரே அச்சாயின. வண்ண ஓவியங்களுடன் கெட்டி அட்டையிட்ட செம்பதிப்புகளும் வெளியிடப்பட்டன. திரையில் செலவின்றிக் காட்டப்பட்ட வண்ணம், தாளில் விலையை உயர்த்துவதாயிற்று.